‘வருக’ என்னும் சொல்



மனிதன் செய்யும் தீவினைகளைப் பத்தாக வகுத்தனர் பௌத்த அறநூலோர். அவற்றுள் உடலால் செய்வன மூன்று; உள்ளத்தால் செய்வன மூன்று; சொல்லால் செய்வனவோ நான்கு. கொலைக்கும் களவுக்கும் கையும் காலும் கருவியும் வேண்டும். காலமும் இடமும் வாய்க்க வேண்டும். எலும்பில்லாத இச்சிறு நாவோ எவ்வகைத் துணையுமின்றி, இருந்த இடத்திலிருந்தே நான்கு தீவினைகளைச் செய்துவிடுகின்றது. பொய்யுரைத்தல், கோள் மூட்டல், வன்சொல் வழங்கல், வீண்பேச்சுப் பேசல் என்பன அந்நான்கு. நம் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையும் இப்பத்தினை எடுத்தோதுகின்றது. திருவள்ளுவரோ வாய்மை, புறங்கூறாமை, இனியவை கூறல், பயனில சொல்லாமை என்னும் அதிகாரங்களால் இந்நான்கிற்கும் மருந்து வகுத்தார். நாவினைக் காத்தல் அறவாழ்க்கையில் எத்துணைப் பெரிய பங்கு கொள்கின்றது என்பது இதனால் விளங்கும்.

இந்நான்கனுள் வன்சொல்லைப் பற்றியே இன்று சிந்திப்போம். வன்சொல் என்றவுடன், சினத்தால் சிதறும் வசைமொழியே நம் நினைவுக்கு வரும். சினம் ஆறினால் அவ்வசையும் ஆறக்கூடும். சொன்னவன் வருந்துவான், கேட்டவன் பொறுப்பான். ஆனால் சினமே இன்றி, குளிர்ந்த முகத்தோடு, நாள்தோறும் வழங்கப்படும் வன்சொல்லும் ஒன்று உண்டு. பிறப்பைச் சொல்லி இழித்தல், தொழிலைச் சொல்லி இழித்தல், ‘எட்டி நில்’ என விலக்குதல், நரைத்த தலையினரையும் ‘வாடா’ ‘போடி’ என ஏவுதல் ஆகிய இவை, சொல்பவனுக்கு வன்சொல்லாகவே தோன்றுவதில்லை. வழக்கம் என்னும் போர்வை அவற்றின் கொடுமையை மூடி மறைத்துவிடுகின்றது. நோயென்று அறியாதவன் மருத்துவனை நாடான். ஆதலின் தீச்சொற்கள் அனைத்தினும் திருத்துதற்கு அரியது இதுவே.

இன்சொல் பேசுகிறோமா இல்லையா என்பதை எதனைக் கொண்டு அளப்பது? செல்வரிடமும் அதிகாரியிடமும் எவரும் இனிமையாகவே பேசுவர். அது உலகியல் அறிவு. அதனை அறமென்று எண்ணி மகிழ்தல் வேண்டா. ஊரும் உலகும் யாரைத் தாழ்ந்தவர் என்று ஒதுக்கி வைத்துள்ளதோ, அவரை நாம் எவ்வாறு அழைக்கிறோம் என்பதே இன்சொல்லின் உரைகல்லாகும்.

இவ்வுண்மையை விளக்குதற்கு, வேங்கட மலையின் அடிவாரம் ஒன்றே போதும். திருப்பதி நகரை அடுத்து, மலைமீது ஏறும் படிகள் தொடங்கும் இடத்துக்கு அலிபிரி என்று பெயர். 2022-ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டம் ஆகும்வரை அது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்கிருந்து மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து, நாள்தோறும் எண்ணற்ற மக்கள் திருமலைக்கு நடந்து செல்கின்றனர். அடிப்புளி என்னும் தமிழ்ச்சொல்லே அலிபிரி எனத் திரிந்தது என்பர். மலையடியில் நின்ற புளியமரம் ஒன்றன் நிழலில் பெரிய திருமலை நம்பி இராமாநுசருக்கு இராமாயணப் பொருளை ஓராண்டு உரைத்தார் என்பது வைணவர்களின் மரபுச் செய்தி. அம்மலை நம் சமயத்தவரின் தலமன்று. எனினும், நன்கு சொல்லப்பட்ட சொல் எவர் வாயிற் பிறப்பினும் அது புத்தரின் சொல்லே எனப் போற்றுவது நம் முன்னோர் வகுத்த நெறியாதலின், அவ்வடிவாரத்துச் செய்தியை நாமும் உவந்து கேட்கலாம்.

இராமாநுசர் முதன்முறை திருமலைக்கு வந்தபோது, திருமலை நம்பி கோயிற் பிரசாதத்தை ஏந்தி எதிர்கொண்டு வரவேற்க வந்தாராம். நம்பி வயதில் மூத்தவர், கல்வியிற் சிறந்தவர், இராமாநுசருக்குத் தாய்மாமன், குருவின் நிலையில் உள்ளவர். அத்தகையவர் தம்பொருட்டு நடந்து வந்ததைக் கண்டு உள்ளம் கூசிய இராமாநுசர், இப்பணிக்கு யாரேனும் ஒரு சிறியவரை அனுப்பலாகாதோ என வினவினார். நம்பியோ, நான்கு வீதிகளிலும் தேடிப் பார்த்தேன். என்னிலும் சிறியவர் ஒருவரும் எனக்கு அகப்படவில்லை என விடை கூறினாராம்.

இவ்விடையின் நுட்பத்தை எண்ணுங்கள். வந்தவரின் கூச்சத்தை அது நீக்கிற்று. ஊரில் உள்ள சிறுவர், ஏவலாளர், ஏழையர் எவரையும் ‘சிறியவர்’ என்னும் பெயருக்கு உரியவராக்க நம்பி உடன்படவில்லை. சிறியவன் ஒருவன் கட்டாயம் வேண்டுமென்றால், அப்பெயரைத் தாமே ஏற்றுக்கொண்டார். இன்சொல்லின் இயல்பு இதுவே. பிறரை உயர்த்துவதற்காக வேறொருவரைத் தாழ்த்தாமல், தாழ்வு என ஒன்று இருப்பின் அதனைத் தானே சுமந்துகொள்கின்றது அது.

ஆயினும் அதே மலையடியில் பல நூற்றாண்டுகளாக வேறொரு சொல்லும் வாழ்ந்து வந்தது. அது ‘எட்டி நில்’ என்னும் சொல். தீண்டப்படாதார் என முத்திரையிடப்பட்ட மக்களுக்கு மலைமேல் உள்ள ஆலயத்தினுள் புகும் உரிமை இல்லை. அவர்களின் பக்திக்கு அடிவாரமே எல்லையாயிற்று. அலிபிரியில் பாதமண்டபம் ஒன்று உள்ளது. அங்கு அடியார்கள் பெருமாளின் பாதுகைகளைத் தலைமேல் தாங்கி வலம் வருவர். தோல் தொழில் செய்யும் மக்கள் பெருமாளுக்கெனப் பெரிய செருப்புகளைத் தைத்து மலையடியில் காணிக்கையாக வைக்கும் வழக்கமும் இருந்தது. செருப்பைத் தலையில் தாங்கினர். அதனைத் தைத்த கைகளையோ தீட்டு என்றனர். இம்முரண்பாட்டைத் தாங்கி நின்றது எது? அங்கே மதில் ஏதும் எழுப்பப்படவில்லை. ஒரு சொல்லே மதிலாய் நின்று மக்களைத் தடுத்தது. கல்மதிலாயின் ஏறிக் குதிக்கலாம். பிறப்போடு ஒட்டவைக்கப்பட்ட சொல்லினைத் தாண்டுதல் எளிதோ?

ஒருவர் தாண்டினார். 1925-ஆம் ஆண்டில், திருப்பதிக்கு அண்மையிலுள்ள திருச்சானூர்க் கோயிலினுள், பஞ்சமர் எனப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பக்தர் ஒருவர் வழிபடுவதற்காகப் புகுந்துவிட்டார். அவர் எதனையும் உடைக்கவில்லை, எவரையும் ஏசவில்லை. ஆயினும், சமயத்தை அவமதிக்கும் கருத்துடன் வழிபாட்டிடத்தை மாசுபடுத்துதல் பற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம் 295-ஆம் பிரிவின்கீழ் அவர் குற்றவாளி எனத் தண்டிக்கப்பட்டார். கைகூப்பி நின்றவனின் மௌனம் அவமதிப்பு ஆயிற்று. காலமெல்லாம் அவனை அவமதித்தவர்களின் சொல்லோ ஆசாரம் ஆயிற்று. ஒத்துழையாமை இயக்கத்தின்பொருட்டு வழக்கறிஞர் தொழிலைத் துறந்திருந்த இராஜாஜி, இவ்வொரு வழக்குக்காகச் சித்தூர் நீதிமன்றத்தில் மீண்டும் சென்று வாதாடினார். தண்டனை நீக்கப்பெற்றது. காந்தியடிகள் தம் ‘யங் இந்தியா’ இதழில் இதனைப் பற்றி எழுதினார். ஒரு சொல்லால் சிறைப்பட்டவர், தமக்காக மற்றொருவர் பேசிய சொல்லால் விடுபட்டார்.

பின்னர் 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. சித்தூர் மாவட்டம் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தமையின், திருப்பதிப் பகுதிக்கும் அச்சட்டம் உரியதாயிற்று. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் விதி தீண்டாமையையே ஒழித்தது. இன்று அலிபிரிப் படிகளில் கால் வைப்பவரை எவரும் குலம் கேட்டுத் தடுப்பதில்லை. தெலுங்கரும் தமிழரும் கன்னடரும் தோளோடு தோள் உரசி ஏறுகின்றனர். களைத்து அமர்ந்தவருக்கு முன்பின் அறியாதவர் தண்ணீர் தருகின்றனர். மலைப்படிகளில் அந்த மதில் இடிந்தது. ஆனால் நம் நாவில் அது இடிந்ததா? நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதுவே.

சொல்லுக்கு இத்துணை ஆற்றல் எவ்வாறு வந்தது? பகவான் புத்தர் இதனை ஓர் எருதின் கதையால் விளக்கினார். தக்கசீல நகரில் பிராமணன் ஒருவன் நந்திவிசாலன் என்னும் எருதைக் கன்றுப் பருவம் முதல் அன்போடு வளர்த்து வந்தான். மணலும் சரளையும் கல்லும் நிரப்பிய நூறு வண்டிகளை ஒருங்கே பிணைத்தாலும் தான் இழுக்க வல்லேன், ஆயிரம் பொன் பந்தயம் வைக்கலாம் என அவ்வெருது கூறிற்று. பந்தய நாளில் பிராமணன் நுகத்தைப் பூட்டி, கோலை ஓங்கி, ‘அடே கபடனே, இழு!’ என்று அதட்டினான். எருது நான்கு கால்களையும் தூண்போல் ஊன்றி அசையாது நின்றது. ஆயிரம் பொன் போயிற்று. துயருற்று வீட்டில் கிடந்த அவனிடம் எருது வந்து, இத்தனை ஆண்டுகளில் உன் வீட்டில் ஒரு பானையையேனும் உடைத்தேனா, எவரையேனும் மிதித்தேனா, தகாத இடத்தை அசுத்தம் செய்தேனா, பின் ஏன் என்னைக் கபடன் என்றாய் எனக் கேட்டது. மறுமுறை இரண்டாயிரம் பொன்னுக்குப் பந்தயம். இம்முறை பிராமணன் அதன் முதுகைத் தடவி, ‘நல்லவனே, இழு!’ என்றான். ஒரே இழுப்பில், முதல் வண்டி நின்ற இடத்தில் கடைசி வண்டி வந்து நின்றது.

இக்கதை குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. விநய பிடகத்தில் ஒரு விதியின் தோற்றுவாயாக நிற்பது. பிக்குகள் அறுவர், ஒழுக்கம் மிக்க பிற பிக்குகளை அவர்தம் பிறப்பையும் பெயரையும் தொழிலையும் சொல்லி எள்ளினர். பல குலங்களிலிருந்தும் துறந்து வந்தோர் ஒன்றாய் வாழ்ந்த இடம் சங்கம். உடை ஒன்று, உணவு ஒன்று, நெறி ஒன்று. எனினும் துறவாடை போர்த்த பின்னரும் நாக்கு பழைய ஊரிலேயே வாழ்ந்துகொண்டிருந்தது. இதனைக் கேட்ட பகவான் அவ்வெருதின் கதையைக் கூறி, விலங்குக்கும் பிடிக்காத வன்சொல் மனிதர்க்கு எவ்வாறு பிடிக்கும் எனக் கடிந்து, இழித்துரைத்தலைக் குற்றமாக விதித்தார். பிறப்பு, பெயர், கோத்திரம், வேலை, கைத்தொழில், நோய், உடலடையாளம், மனக்குற்றம், விதிமீறல், வசைச்சொல் எனப் பத்து வாயில்களையும் எண்ணிக் காட்டி அடைத்தார்.

இவ்விதியில் நாம் கருதத்தக்க நுட்பங்கள் இரண்டு உள. முதலாவது, உயர்ந்ததெனக் கருதப்படும் குலப்பெயரையே சொன்னாலும், இழிவுபடுத்தும் எண்ணத்தோடு சொன்னால் அதுவும் குற்றம். ஆகவே நஞ்சு எழுத்துகளில் இல்லை, எண்ணத்தில் உளது. இரண்டாவது, பகையின்றி விளையாட்டாகச் சொன்னாலும் குற்றம் சிறியதாகுமேயன்றிக் குற்றமே இல்லையென ஆகாது. ‘வேடிக்கைக்குச் சொன்னேன்’ என்று சிரித்துத் தப்ப முயல்வோருக்கு இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே விடை அளிக்கப்பட்டுவிட்டது.

நம் நாட்டின் சட்டம் இவ்வுண்மையை அண்மையில்தான் வந்தடைந்தது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், தீண்டாமையைக் கடைப்பிடித்தலைக் குற்றமாக்கிற்று. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியபோது, தீண்டாமையைக் காட்டி ஒருவரை அவமதிப்பதும் குற்றமாயிற்று. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதை வன்கொடுமைகளுள் ஒன்றாக வைத்தது. அடியும் தீவைப்பும் எழுதப்பட்ட பட்டியலிலேயே சொல்லும் எழுதப்பட்டது. ஆயினும் சட்டம் வாயை அடைக்குமேயன்றி நெஞ்சைத் துடைக்காது. பிறர் பார்வை படாத வீட்டினுள்ளே, பொதுமக்கள் இல்லாத வயலிலே வழங்கும் சொல்லைத் திருத்துவதற்கு அறம் ஒன்றே உண்டு.

பெயர் ஒன்று மனிதரை எத்துணை வருத்தும் என்பதை நம் தமிழ்ப் பௌத்தத்தின் வரலாறே நன்கு அறிவிக்கும். 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர் பண்டிதர் அயோத்திதாசர். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, 1914-இல் மறையும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். ஒடுக்கப்பட்டோர்மீது சுமத்தப்பட்ட இழிபெயர் பகைவர் இட்ட பெயர். அதனை நம் வாயால் நாமே சொல்லலாகாது. நாம் ஆதியில் பௌத்தர், சாதிபேதமற்ற திராவிடர் என்பது அவர் முழக்கம். அவர் காலத்தவரான இரட்டைமலை சீனிவாசனோ, எப்பெயரால் இழித்தார்களோ அப்பெயரையே ஏற்று நிமிர்ந்து நின்றால்தான் இழிவு நீங்கும் எனக் கருதி, 1893-இல் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழ் நடத்தினார். ஒருவர் அச்சொல்லை உதறினார். மற்றவர் அதனை எடுத்துக் கழுவினார். வழி வேறாயினும், ஒரு சொல்லின் கீழ் ஒரு மக்கட் கூட்டம் நசுங்கிக் கிடத்தல் ஆகாது என்பதில் இருவர்க்கும் நோக்கம் ஒன்றே. இராமாநுசரும் மேல்கோட்டையில் இம்மக்களைத் திருக்குலத்தார் என அழைத்தார் என மரபு கூறும். மனிதரை மீட்க முயன்றோர் அனைவரும் பெயரிலிருந்தே தொடங்கினர். பாபாசாகேப் அம்பேத்கர் 1920-இல் தொடங்கிய முதல் இதழுக்கு ‘மூக்நாயக்’, அதாவது ஊமையரின் தலைவன், எனப் பெயரிட்டார். பேச்சு மறுக்கப்பட்டவனுக்குப் பேச்சைத் திரும்ப அளித்தலும் வாய்மொழி அறத்தின் பகுதியே என்பதை அப்பெயர் உணர்த்தும்.

இங்கே சிலர் வினவக்கூடும். இனிமையாகப் பேசு என்றால், தீமையைக் கண்டும் வாய் மூடி இருப்பதா? கொடியவனையும் புகழ்வதா? இவ்வினாவைப் பகவானிடமே ஒருவர் கேட்டார். அபயன் என்னும் இளவரசன், பிறர்க்கு இனிமை தராத சொல்லைத் ததாகதர் சொல்வதுண்டோ எனக் கேட்டான். உண்டு என்றாலும் இல்லை என்றாலும் அவரை மடக்கிவிடலாம் என எண்ணியே அவன் வந்தான். அவன் மடியில் ஒரு குழந்தை கிடந்தது. இக்குழந்தை குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் நீ என்ன செய்வாய் எனப் பகவான் கேட்டார். தலையை இடக்கையால் பிடித்துக்கொண்டு, விரலை உள்ளே விட்டு, குருதி வந்தாலும் எடுத்துவிடுவேன் என்றான் இளவரசன். ஏன்? குழந்தைமீது உள்ள இரக்கத்தால். அவ்வாறே, உண்மையும் நன்மையும் உடைய சொல் கேட்பவர்க்குக் கசப்பதாயினும், ததாகதர் உரிய காலம் அறிந்து அதனைச் சொல்வார். பொய்யும் பயனற்றதும் ஆகியதை, அது எத்துணை இனிப்பதாயினும் சொல்லார்.

எனவே இன்சொல் என்பது முகமன் அன்று. கூலியைக் குறைத்துத் தருபவனிடம் ‘இது அநீதி’ எனச் சொல்வது வன்சொல் ஆகாது. கோயில் வாயிலிலோ கிணற்றங்கரையிலோ சுடுகாட்டுப் பாதையிலோ மறிப்பவரிடம் ‘இவ்வழி எனக்கும் உரியது’ என உறுதியாய்க் கூறுவதும் வன்சொல் ஆகாது. குழந்தையின் தொண்டையில் சிக்கிய கல்லை எடுக்கும் விரல் அது. ஆனால் அவ்விரல் குழந்தையின் கண்ணைக் குத்தலாகாது. அநீதியைச் சுடுவோம், அநீதி செய்தவனின் பிறப்பையும் தாயையும் உடற்குறையையும் சுட வேண்டா. அவ்வாறு சுட்டால், நாம் எதிர்த்து நின்ற அதே மதிலுக்கு நாமும் ஒரு கல் எடுத்துக் கொடுத்தவர் ஆவோம்.

வன்சொல்லைப் பெறுபவர்க்கும் பகவான் ஒரு நெறி காட்டினார். வசைபாடிக்கொண்டு வந்த ஒருவனிடம், உன் வீட்டுக்கு வந்த விருந்தினர் நீ இட்ட உணவை ஏற்காவிடில் அது யாருக்கு உரியது எனக் கேட்டார். எனக்கே உரியது என்றான் அவன். நீ இட்ட வசையை நாம் ஏற்கவில்லை. ஆதலின் அது உனக்கே உரியது என்றார் பகவான். இதனைத் தவறாகப் பொருள் கொள்ளுதல் கூடாது. வசையை ஏற்காமை என்பது, கொடுமையைப் பொறுத்துக்கொண்டு கிடத்தல் அன்று. ‘நீ தாழ்ந்தவன்’ என ஒருவன் கூறும்போது, அது நம்மைப் பற்றிய உண்மை என நம் நெஞ்சம் ஒப்புக்கொள்ளாதிருத்தலே அதன் பொருள். நெஞ்சம் ஒப்பாதவன் கலங்கான். கலங்காதவன் நியாயத்தைத் தெளிவாய் எடுத்துரைப்பான். சங்கத்தினுள் எழுந்த இழிமொழியைத் தடுக்கப் பகவானே விதி வகுத்தார் என்பதை மறவாதிருப்போமாக.

இனி, அந்த ‘எட்டி நில்’ என்னும் சொல்லுக்கு மாற்றுச் சொல் யாது? மகத நாட்டின் பெருநகரில் சுநீதன் என்றொருவன் இருந்தான். வாடிய பூக்களையும் குப்பையையும் வாரிச் சுமப்பது அவன் குலத்தொழில். மக்கள் அவனை அருவருத்தனர். அவனும் எல்லோரையும் பணிந்தே திரிந்தான். ஒரு நாள் பகவான் பிக்குகள் சூழ அந்நகருள் வருவதைக் கண்டு, தன் காவடியை எறிந்துவிட்டு வணங்கச் சென்றான். அவன்பால் கொண்ட இரக்கத்தால் பகவான் நடை தளர்த்தி நின்றார். தன்னையும் துறவியாக ஏற்குமாறு அவன் வேண்டினான். அரசர்க்கும் அந்தணர்க்கும் எச்சொல்லைச் சொல்லிச் சங்கத்தில் சேர்த்தாரோ, அதே சொல்லைப் பகவான் அவனுக்கும் சொன்னார்: ‘பிக்குவே, வருக!’ வேறு சடங்கு ஏதும் செய்யப்படவில்லை. அச்சொல்லே சுநீதனுக்குத் தீட்சையாயிற்று. பின்னர் அவர் அருகதர் ஆனார். பிறர் வணங்கத்தக்கவர் ஆனார்.

‘எட்டி நில்’, ‘வருக’ என்னும் இவ்விரண்டும் சிறு சொற்களே. ஒன்று மனிதனை மலையடியில் நிறுத்திற்று; மற்றொன்று அவனை மலைமுடியினும் உயர்ந்த நிலைக்கு ஏற்றிற்று. இரண்டையும் சொல்வதற்கு வேண்டிய மூச்சு ஒன்றே. எதனைச் சொல்வது என்பது மட்டும் நம் கையில் உளது.

சொல்லில் என்ன இருக்கிறது, நிலமும் கூலியும் கல்வியும் அன்றோ வேண்டும் என்பாரும் உளர். அவை வேண்டும்; ஐயமில்லை. ஆனால் ஒருவனை ‘அடே’ என அழைக்கப் பழகியவனுக்கு, அவனது கூலியைக் குறைப்பதில் கூச்சம் தோன்றாது. அவன் மகன் பள்ளியில் பின்வரிசையில் அமர்த்தப்படுவதைக் கண்டும் வியப்புத் தோன்றாது. ‘ஐயா’ என அழைத்தவரை ஏமாற்றுவதற்கோ நாக்கு சற்றே தடுமாறும். கையினால் செய்யும் கொடுமைக்கு வழி வெட்டித் தருவது நாவே. ஆதலின் நாவைத் திருத்துவோர் கையையும் பாதி திருத்தியவர் ஆவர்.

நாம் நாள்தோறும் கடைப்பிடிக்கத்தக்க சிலவற்றைக் கூறி முடிப்போம். நம் தெருவைத் தூய்மை செய்ய வருவோரை, சுமை தூக்குவோரை, வீட்டுப் பணிக்கு வருவோரைப் பெயர் கேட்டு அறிந்து, வயதுக்கேற்ப அண்ணா, அக்கா, ஐயா, அம்மா என அழைப்போமாக. பெரியோர் எவ்வாறு அழைக்கின்றனரோ அவ்வாறே குழந்தைகளும் அழைப்பர். பத்து வயதுச் சிறுவன் அறுபது வயது முதியவரை ஒருமையில் ஏவினால், அக்குற்றம் பெற்றோரைச் சாரும். தொழிற்பெயரையும் குலப்பெயரையும் வசையாகவும் வேடிக்கையாகவும் வழங்கும் பழக்கத்தை நம் இல்லத்திலிருந்து அகற்றுவோமாக. தமக்கு மேலுள்ளோர் இழித்ததால் புண்பட்டவரே, தமக்குக் கீழ்ப்படியில் உள்ளாரை அதே சொல்லால் இழிக்கும் அவலமும் நாட்டில் உண்டு. பஞ்சசீலம் ஏற்ற குடும்பத்தில் அதற்கு இடமே இருத்தல் கூடாது. மனைவியிடமும் மக்களிடமும் பேசும்போது, வெளியில் ஒரு பெரிய மனிதரிடம் பேசும் குரலில் ஒரு பாதியையேனும் வழங்குவோமாக. கூட்டங்களில் கருத்து மாறுபட்டால், கருத்தை மறுப்போம். ஆளை மறுக்க வேண்டா. சினம் மூண்ட வேளையில், சொல்லப்போவது உண்மையா, நன்மை தருவதா, இதற்குரிய காலம் இதுவா, அன்போடு சொல்கிறோமா என்று நான்கு முறை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நான்காம் வினாவை அடைவதற்குள் சினம் பெரும்பாலும் தணிந்துவிடும்.

பொன்னும் பொருளும் இல்லாதவன் தானம் செய்ய இயலாது என வருந்துவான். அவனிடமும் ‘வருக’ என்னும் சொல் உண்டு. அது எடுக்க எடுக்கக் குறையாத செல்வம். கொடுத்தவனும் பெற்றவனும் ஒருங்கே வளரும் தானம். வாயிலில் கூசி நிற்கும் ஒருவரை நோக்கி இன்றே அச்சொல்லை நாம் கூறுவோமாக.

அனைத்துயிர்களும் பகையின்றி, துன்பமின்றி, நலமுற வாழ்க! தம்மம் ஓங்குக!